நாற்காலி வாங்கினால் கழுத்து வலி போகாது

போன மாதம் அக்கா மகனுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இஎம்ஐயில் ஒரு நாற்காலி வாங்கி, "மாமா, எப்படி இருக்கு?" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். தலை சாய்க்க மெத்தை, முதுகுக்கு வலைத்துணி, ஏற்றி இறக்கிக்கொள்ளும் கைப்பிடி, எல்லாம் இருந்தது. அதற்கு எதிரே சாப்பாட்டு மேசையில் லேப்டாப் தட்டையாகக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன்மேல் இல்லை. 2020இல் இதே மாதிரி ஒரு படத்தை நாலு பேருக்கு அனுப்பியவன் நான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் செய்கிற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தண்ணீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு வகையறாவை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் சொல்ல வீட்டில் ஆள் இருப்பார்கள்.

நாற்காலிக்குப் பணத்தைக் கொட்டுவது

அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக உட்கார்ந்தேன். ஜூலைக்குள் கழுத்து இறுகிவிட்டது. நாற்காலிதான் காரணம் என்று நானே முடிவுகட்டி 14,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒரு வாரம் சுகமாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. காலையில் டீ டம்ளரைப் பிடித்தால் மற்ற விரல்களுக்குச் சூடு தெரிகிறது, இந்த இரண்டுக்கும் தெரியவில்லை. விரலைக் காட்டப் போனால் டாக்டர் கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். கழுத்தெலும்பில் இருக்க வேண்டிய வளைவு நேராகிவிட்டது, அங்கிருந்து கைக்குப் போகிற நரம்பு அழுந்துகிறது என்றார். பிசியோதெரபி பத்து நாள், நாளுக்கு 400 ரூபாய்.

பிசியோ அம்மா என் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "லேப்டாப்பை எது மேல வச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டார்.

விஷயம் இதுதான். நம் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். நிமிர்ந்திருக்கும்போது அதை எலும்பு தாங்கிக்கொள்கிறது, குனியக் குனிய பின்கழுத்துத் தசைதான் விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நடப்பதையும் அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதையும் நினைத்துப் பாருங்கள். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது, கழுத்துக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. எந்த நாற்காலியும் இதைச் சரிசெய்யாது.

தனி கீபோர்டு, தனி மவுஸ். எனக்கு இரண்டும் சேர்த்து 900 ரூபாய் ஆனது. லேப்டாப்புக்கு அடியில் வைக்க ஸ்டாண்டு எல்லாம் வாங்கவில்லை, தம்பியின் பழைய போட்டித் தேர்வு கைடுகள் நாலு. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், திரை கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். (பைஃபோகல் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்க நாள் முழுக்க அண்ணாந்துகொண்டிருப்பீர்கள்.) அப்புறம் மேசை. சாப்பாட்டு மேசை பொதுவாக 75 செ.மீ. உயரம், ஐந்தரை அடிகூட இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு டைப் அடிக்க அது அதிகம். நாற்காலியை ஏற்றினால் முழங்கை சரியாகிவிடும், ஆனால் கால் தொங்கும். நான் மணைப்பலகையை எடுத்துக் காலுக்கு அடியில் போட்டேன். "உக்காந்து சாப்பிடுற பலகையில காலை வைக்கிறான் பாரு" என்று அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள்.

அந்த நாற்காலியில்தான் இப்போதும் உட்காருகிறேன், நல்ல நாற்காலிதான். ஆனால் 900 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு, டாக்டர் பீஸையும் எக்ஸ்ரேயையும் விட்டுவிட்டாலும் 18,000 போயிற்று. அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

சலூனில் கழுத்தை முறிக்கச் சொல்வது

முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையால் பிடித்து 'டக்'கென்று ஒரு திருப்பு. சொர்க்கம் மாதிரி இருக்கும், தெரியும், நானும் கேட்டு வாங்கியிருக்கிறேன். இதைச் சொன்னதும் பிசியோ அம்மா கையை எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு கழுத்தெலும்புக்குள் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் கை மரத்துப்போயிருக்கிறவன் போய்க் கழுத்தைக் கொடுக்கிற இடமா அது? கையிலிருந்து பொருள் நழுவி விழுகிறது, பிடியில் பலமில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டு வேலை

வேண்டாம்.

ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவது

கண் எரிகிறது என்று கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறார்கள். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது, அதோடு ஃபேன் காற்றும் முகத்தில் அடித்தால் கண் காயாமல் என்ன செய்யும்? மேசையை இரண்டடி தள்ளிப் போட்டாலே பாதி எரிச்சல் அடங்கிவிடும்.

ஆபீஸுக்குப் போன நடையைக் கணக்கில் எடுக்காதது

தாம்பரத்தில் ஏறி கிண்டியில் இறங்குகிறவனாக இருந்தேன். ஸ்டேஷனுக்கு நடை, பாலம் ஏறி இறங்குவது, டீக்கடைக்கு இரண்டு முறை. அதை உடற்பயிற்சி என்று நான் நினைத்ததே இல்லை. அது நின்றுபோனது பேண்ட் பட்டனைப் போட முடியாத அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது போனை ஸ்பீக்கரில் போட்டு, பேச வேண்டாத மீட்டிங்குகளை மொட்டை மாடியில் நடந்துகொண்டே கேட்கிறேன். மே மாதத்தில் மட்டும் சாயங்காலத்துக்கு மேல்தான்.

நவம்பரில் சாப்பாட்டு நேரத்தை மாற்றாதது

அமெரிக்கக் கிழக்குக் கரை டீமோடு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நமக்கு மாலை 6:30க்கு இருந்த மீட்டிங் 7:30 ஆகிவிடும், இரவுச் சாப்பாடு பத்தைத் தாண்டும். மார்ச் வரை அப்படியே. அந்த நாலு மாதமும் மீட்டிங்குக்கு முன்பே ஏழு மணிக்கு இரண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.