தடையை நீக்கச் சொன்னால் தடை போடும் பாட்: கட்டளைகளைப் பிரிப்பதில் நேரும் தவறுகள்

சாட்பாட் (அரட்டைக் குழுவில் கட்டளைகளுக்குப் பதில் தரும் நிரல்) எழுதத் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் எழுதும் நிபந்தனை இதுதான்: வந்த செய்தி "!தடை" என்று தொடங்குகிறதா? ஆம் என்றால் குறிப்பிட்ட ஆளைக் குழுவிலிருந்து விலக்கு. சோதித்தால் வேலை செய்யும். பிறகு "!தடைநீக்கு" என்றொரு கட்டளையைச் சேர்ப்பார்கள். அதுவும் "!தடை" என்றுதானே தொடங்குகிறது? மன்னித்துச் சேர்க்கச் சொன்ன ஆளுக்கு பாட் மறுபடி தடை போடும். நீளமான பெயரை மேலே நகர்த்தி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. அது ஒட்டுப்போட்ட வேலை, நாளை "!தடைப்பட்டியல்" வந்தால் மீண்டும் கிழியும். முதல் இடைவெளி வரையுள்ள சொல்லைத் தனியே வெட்டி எடுத்து, அந்த முழுச்சொல் கட்டளைப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுவதே முறை.

வெட்டுவதிலும் வழுக்கல் உண்டு. பைத்தான் மொழியில் உரையைத் துண்டாக்கும் ஸ்ப்ளிட்டிடம் (split) ஒற்றை இடைவெளியைக் கொடுத்து வெட்டச் சொன்னால், பயனர் தவறிப்போய் இரண்டு இடைவெளி விட்ட இடத்தில் எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் ஒன்று வந்து உட்காரும். இரண்டாவதாக வரவேண்டிய பெயர் மூன்றாவதாகிவிடும். எதையும் கொடுக்காமல் அழைத்தால் இடைவெளி, டேப், புதுவரி எதுவானாலும், எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே பிரிப்பாகக் கொள்ளும். "!நினைவூட்டு 10 அறிக்கையை அனுப்ப வேண்டும்" (10 என்பது நிமிடம்) போன்றவற்றில் கடைசிப் பகுதி முழு வாக்கியம். அதைச் சொல் சொல்லாக வெட்டிப் பிறகு ஒட்டினால் பயனர் போட்ட வரிப் பிரிப்புகள் தொலைந்துபோகும். இரண்டு வெட்டு போதும் என்று வரம்பு வைத்தால் மிச்சம் அப்படியே கைக்கு வரும்.

அந்தப் 10 எண்தானா என்று பார்க்க, இலக்கமா என்று சோதிக்கும் இஸ்டிஜிட்டை (isdigit) நம்பாதீர்கள். "²" என்ற மேலெழுத்தை அது இலக்கமென்று ஒப்புக்கொள்ளும். உரையை எண்ணாக்கும் இன்ட் (int) அதை மாற்ற மறுத்துப் பிழை எறியும். ஆனால் "௧௦" என்று தமிழ் எண்ணில் எழுதினால் இன்ட் தயங்காமல் 10 என்று தரும். எனவே மாற்றிப் பாருங்கள். பிழை வந்தால் பிடியுங்கள். பிறகு வரம்பைச் சரிபாருங்கள். மைனஸ் 5 நிமிடம் கழித்து யாருக்கும் நினைவூட்ட முடியாது.

தமிழில் கட்டளை வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு கண்ணி. "!தொடங்கு" என்பதிலுள்ள "தொ" எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாக வரலாம்: தகரமும் ஒகரக் குறியும், அல்லது தகரம், எகரக் குறி, பின்னே துணைக்கால். திரையில் வேறுபாடே தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. பாட் பேசாமல் இருக்கும். பயனர் சரியாகத்தான் தட்டினேன் என்று சத்தியம் செய்வார், அவர் சொல்வதும் உண்மையே. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. கைப்பேசி விசைப்பலகைகள் நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடுவதையும் இந்த இடத்திலேயே சரிசெய்துகொள்ளலாம்.

டெலிகிராமின் கட்டளைப் பட்டியலில் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். நீளம் 32 வரை. குழுக்களில் கட்டளையோடு @ குறியும் பாட்டின் பெயரும் ஒட்டி வரக்கூடும். தனி உரையாடலில் மட்டும் சோதித்தவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேறொரு பாட்டின் பெயர் ஒட்டியிருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. டிஸ்கார்டின் பயனர் அடையாள எண்களை ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கங்கள் பிசகும், சரமாகவே வைத்திருங்கள்.

மேலே சொன்னவை எல்லாம் எரிச்சல்தான். அபாயம் "!கணக்கு 2+2" என்பதற்கு, கொடுத்த உரையை நிரலாகவே ஓட்டும் இவாலைப் (eval) பயன்படுத்துவது. ஒரே வரியில் கால்குலேட்டர் கிடைத்த மகிழ்ச்சியில், அறிமுகமில்லாதவர்களின் நிரலை உங்கள் சர்வரில் ஓடவிடுகிறீர்கள். பாட்டின் கடவுச்சொல் போன்ற ரகசிய டோக்கனும் அங்கேதான் இருக்கிறது. சில சொற்களைத் தடுத்துவிட்டேன் என்பது பாதுகாப்பு ஆகாது. விளையாட்டாக 9**9**9**9 என்று (அடுக்கின் மேல் அடுக்காக) ஒருவர் அனுப்பினாலே பாட் உறைந்துபோகும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கு செயல்களை மட்டும் அறிந்த, உரையைப் பிரித்துப் பொருள் காணும் சிறு பகுப்பியை எழுதி, எண்களின் நீளத்துக்கும் வரம்பு வையுங்கள்.

தவறான கட்டளைக்குப் பதில் சொல்வதிலும் நிதானம் வேண்டும். கட்டளை சரியாக இருந்து நிமிடம் விடுபட்டிருந்தால், சரியான வடிவத்தை ஓர் எடுத்துக்காட்டோடு காட்டுங்கள். பெயரே தெரியாததென்றால் குழுவில் மௌனமாக இருப்பது நல்லது: அது இன்னொரு பாட்டுக்கு வந்ததாக இருக்கலாம், யாரோ உற்சாகத்தில் "!!!" என்று தட்டியதாகவும் இருக்கலாம்.