ஓசோன் உருவாவதைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலே உள்ள ஓசோன் நல்லது, தரையில் உள்ளது கெட்டது என்பது பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். அதை விடுவோம்.

மேலே நடப்பதைக் கீழே பொருத்துவது

மேலே, அடுக்குமண்டலத்தில், 242 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்கும். பிரிந்த தனி ஆக்சிஜன் அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். அந்தக் கதிர் தரைக்கு வருவதே இல்லை. கீழே அந்தத் தனி அணுவைத் தருவது நைட்ரஜன் டை ஆக்சைடு. அதை உடைக்க 420 நானோமீட்டருக்கு உட்பட்ட சாதாரண வெயிலே போதும்.

புகைக்குழாயில் ஓசோனைத் தேடுவது

அங்கே இருக்காது. வண்டி விடும் வாயுக்களிலிருந்து வெயிலில், காற்றில்தான் அது உருவாகும்.

நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தால் ஓசோனும் குறையும் என்பது

எத்தனை முறை சொன்னாலும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும் தவறு இது. (நைட்ரஜன் ஆக்சைடு என்று இங்கே சொல்வது நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டையும் சேர்த்து.) லாஸ் ஏஞ்சல்ஸில் ஞாயிற்றுக்கிழமை டீசல் லாரிகள் குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். ஆனால் பல ஆண்டுகள் அங்கே வார நாளைவிட ஞாயிறன்றுதான் ஓசோன் கூடியது.

காரணம் இரண்டு. வண்டியிலிருந்து பெரும்பாலும் வருவது நைட்ரிக் ஆக்சைடு; அது ஓசோனைத் தின்று நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும். 40 பிபிபி (நூறு கோடியில் 40 பங்கு) ஓசோன் உள்ள இரவுக் காற்றில் 30 பிபிபி நைட்ரிக் ஆக்சைடு கலந்தால், மிஞ்சுவது சுமார் 10. இரண்டாவது, டை ஆக்சைடு மிகுந்தால் ஹைட்ராக்சில் அணுத்தொகுதியைப் பிடித்து நைட்ரிக் அமிலமாக்கிவிடும். பெட்ரோல் ஆவி, பெயின்ட் கரைப்பான் போன்ற கரிமச் சேர்மங்களை எரித்து ஓசோன் வளர்ப்பது அந்தத் தொகுதிதான். அது போனால் வினைச் சங்கிலியே மந்தமாகும்.

ஆகவே கரிமச் சேர்மங்களுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தை முதலில் பாருங்கள். கரிமச் சேர்மங்களின் கார்பன் அணுக்களை எண்ணிப் பார்த்தால் அது சுமார் 8-க்குக் கீழே இருந்தால், நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் கொஞ்சம் குறைப்பது ஓசோனை ஏற்றிவிடும். கரிமச் சேர்மங்களைக் குறைப்பதே வழி. காடு சூழ்ந்த கிராமப்புறத்தில் கதை தலைகீழ்: மரங்களே ஐசோபிரீன் என்ற கரிமச் சேர்மத்தை வாரி விடும், அங்கே நைட்ரஜன் ஆக்சைடைத்தான் பிடிக்க வேண்டும்.

நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்பதால், நெரிசலான சாலையோரம் வைத்த கருவியில் ஓசோன் குறைவாகத் தெரியும். “இங்கே காற்று சுத்தம்” என்று எழுதிவிடாதீர்கள். ஓசோனையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன இரவுக் காற்றில் அந்தக் கூட்டுத்தொகை மாறியிருக்காது.

உறிஞ்சு குழாய்

காற்றைக் கருவிக்குள் இழுக்கும் குழாய் டெஃப்ளானாக இருக்கட்டும். ரப்பர் வேண்டாம்.

அலகு

25 டிகிரி செல்சியஸில் 1 பிபிபி ஓசோன் என்பது கன மீட்டருக்கு 1.96 மைக்ரோகிராம். இந்தியாவின் 8 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதாவது சுமார் 51 பிபிபி.