வால்பாறைக்குப் போகிறீர்களா? முதலில் பின்கோடைப் பாருங்கள்

ஸ்வெட்டர், குடை பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. பின்கோடு பற்றித்தான். சிரிக்காதீர்கள், பதினெட்டு நாள் விடுப்பில் பதினொரு நாள் எனக்கு ஒரே ஒரு எண்ணில் போனது.

வால்பாறை 642127. உடுமலைப்பேட்டை 642126. தாளில் அடுத்தடுத்த வீடு மாதிரி இருக்கும். நிஜத்தில் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஆழியாறு தாண்டி, 64 கிலோமீட்டர் கடந்து பொள்ளாச்சிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். உடுமலை 2009 முதல் திருப்பூர் மாவட்டம். வால்பாறை கோவை மாவட்டம்தான், ஆனால் கோவை நகரத்தின் 641 இதற்குக் கிடையாது. 1972-இல் வந்த இந்த ஆறு எண்களில் முதல் மூன்றும் தபாலைப் பிரிக்கும் வட்டாரத்துக்கு, கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்துக்கு. கலெக்டர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதற்குக் கணக்கில்லை.

இறந்துபோன அப்பாவின் சேமிப்புக் கணக்கை முடிக்க, கீழே ஒரு வங்கிக்குப் போனேன். "அப்பா உடுமலையா, வால்பாறையா சார்?" என்று கேட்டு அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். எஸ்டேட் பெயர் சரி, எஸ்டேட்டுக்குள் எந்த டிவிஷன் என்பதும் சரி. கடைசியில் 642126, மாவட்டம் திருப்பூர். இறப்புச் சான்றிதழில் 642127. "ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க."

மேலே போனேன். ஜூலை மழை. கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில் இருந்தார். மறுநாள் கேம்ப். அதற்கடுத்த நாள் லீவு. ஒருவழியாக வாங்கிக்கொண்டு இறங்கினால், முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறதாம். மறுபடி 40 வளைவு. "இங்கேயே இருந்திருந்தா இந்த அலைச்சல் ஏன் தம்பி" என்றார் சித்தப்பா, டீயை ஆற்றிக்கொண்டே. பதில் சொல்லவில்லை.

நான்காவது தடவை போனபோது, இந்த 6-ஐ எந்தப் புண்ணியவான் போட்டது என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் எதுவும் பேசாமல் பழைய படிவத்தைத் தேடி எடுத்து வைத்தார். அது என் கையெழுத்து. விமானத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பாவுக்காக நான் நிரப்பிக் கொடுத்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. 'வால்பாறை நகராட்சி' என்ற பெயரை நம்பி முகவரி எழுதாதீர்கள். ஒரு கடைத்தெருவை விட்டால் மற்றதெல்லாம் தேயிலையும் காடும்தான். எஸ்டேட், டிவிஷன், தபால் நிலையம் மூன்றும் வேண்டும். மலையில் எல்லா எஸ்டேட்டுக்கும் 642127 கிடையாது, பழைய தபால் நிலையங்கள் சிலவற்றுக்குத் தனி எண் உண்டு. இந்திய அஞ்சல் துறை இணையதளத்தில் ஊர் பெயரைப் போடாமல் தபால் நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பாஸ்புக், ஆதார், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே போட்டோ அனுப்பச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். 2025-இல் டிஜிபின் என்று ஒன்று வந்திருக்கிறது, ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் இடத்துக்கு ஒரு குறியீடு. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டின் வாசலுக்கே ஒன்று கிடைக்கும். நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

அப்புறம், மலையேறுவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். யானைக்கு உங்கள் விடுப்புக் கணக்கு தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். நான் எழுதிய கடிதங்கள், ரப்பர் பேண்ட் போட்டு. அத்தனை உறையிலும் 642126. அத்தனையிலும் யாரோ அந்த 6-ஐ அடித்து, பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் 7 என்று போட்டிருக்கிறார்கள். உடுமலை முத்திரைக்கும் வால்பாறை முத்திரைக்கும் நடுவில் நாலு நாள், சிலதில் ஆறு நாள். கடிதம் தாமதமாக வருகிறது என்று அப்பா போனில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.