முன்னேற்ற அறிக்கைக்கு முன், உங்களுக்காக ஓர் அறிக்கை

முனைவர் பட்ட மாணவர்கள் அவ்வப்போது முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். நெறியாளரும் ஆய்வுக் குழுவும் படிக்கப்போவது என்பதால், சொல்லிக்கொள்ளும்படி நடந்தவை மட்டுமே அதில் ஏறும். அதை எழுத உட்காரும் முன் உங்களுக்கு மட்டும் ஒன்றை எழுதிவிடுங்கள். நான்காம் ஆண்டிலும் நான் ஆய்வுக்கூடத்துக்கு ஆர்வத்தோடு போவதற்கு அப்படி எழுதிய தாள்கள்தான் காரணம் என்று நம்புகிறேன்.

எப்போது எழுதலாம்? இங்கே சிங்கப்பூரில் கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது, இரண்டாம் பருவம் ஜனவரியில். வகுப்பெடுக்கும் வேலையும் விடைத்தாள் திருத்தும் வேலையும் டிசம்பரிலும் ஜூன், ஜூலையிலும் ஓயும். அப்போது ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். ஆய்வுக்கூடம் வேண்டாம், கருவிகள் கண்ணில் பட்டாலே மனம் அடுத்த சோதனைக்கு ஓடிவிடும். நான் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போவேன். ஏழாம் மாடியிலிருந்து மேலே இருக்கும் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் ஒரு மேசை கிடைத்தால் போதும்.

ஆய்வுக் குறிப்பேடு, நெறியாளருடன் பரிமாறிய மின்னஞ்சல்கள், நாட்காட்டி ஆகிய மூன்றையும் கொண்டுபோங்கள். நினைவை நம்பி எழுதாதீர்கள். போன வாரம் கெட்டுப்போன ஒரு சோதனை, அதற்கு முன் நன்றாக நடந்த ஐந்து மாதங்களையும் மறைத்துவிடும்.

முதலில், ஆறு மாதத்துக்கு முன் உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன, இன்று என்ன என்று அருகருகே எழுதுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நான் ஆராய்வது நீர்ச் சுத்திகரிப்புச் சவ்வுகளை, அதாவது நீரை வடிகட்டும் மெல்லிய படலங்களை. சிங்கப்பூரில் 2003 முதல் உற்பத்தியாகும் நியூவாட்டரும் (கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர்) இத்தகைய சவ்வுகளின் வழியாகத்தான் வருகிறது. சவ்வின் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டி, பிசின் போன்ற படலம் கட்டும். பிறகு அதே அளவு நீரை வெளியே எடுக்க அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குளோரின் ஊற்றிக் கொன்றுவிடலாமே என்றால், அது பாலிஅமைடு என்ற பொருளாலான சவ்வையே அரித்துவிடும். என் முதல் ஆண்டுத் தாளில் இருந்த கேள்வி, “பாக்டீரியாக்களை எப்படிக் குறைப்பது?” அடுத்த ஆண்டுத் தாளில் அது, “நீரில் அவற்றுக்கு உணவாகக் கிடைக்கும் பாஸ்பேட்டைக் குறைத்தால் படலம் எப்படி மாறும்?” என்று ஆகியிருந்தது. தப்பிய சில பாக்டீரியாக்கள்கூட உணவு இருந்தால் பெருகிவிடும் என்ற புரிதல் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நான் ஒரு கட்டுரையும் வெளியிடவில்லை. வெளியீட்டுப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆண்டே வீண் என்று தோன்றியிருக்கும்.

அடுத்தது சிரமங்கள். “சரியாகப் போகவில்லை” என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எது, எந்த வாரத்தில், யார் கையில் நின்றது என்று எழுதுங்கள். படலம் வளரப் பல நாள் ஆகும் என்பது பொருளின் இயல்பு, அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். மின்னணு நுண்ணோக்கிக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் முன்பதிவைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசலாம். வரைவுக்கு நெறியாளரிடமிருந்து பதில் வரவில்லை என்றால், எந்தப் பக்கத்தைப் பற்றி எந்தத் தேதிக்குள் கருத்து வேண்டும் என்று கேட்கலாம். தூக்கமில்லாமல் வாரக்கணக்காகத் தவித்தால் அதையும் அந்தத் தாளில் எழுதி, பல்கலைக்கழக மனநல ஆலோசகரைப் பாருங்கள். ஆய்வேடு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உதவித்தொகை பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்குத்தான். அது முடியும் மாதத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துவைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் அதை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தீபாவளிக்கு வரும் சித்தி, “இன்னுமா முடியவில்லை?” என்று கேட்கும்போது முகம் சுருங்க வேண்டியதில்லை. “இந்த ஆண்டு என்ன கண்டுபிடித்தேன் தெரியுமா சித்தி?” என்று தொடங்குங்கள். என் அப்பா எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “உணவைக் குறைத்தால் அது பட்டினியில் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளாதா, அம்மா?” என்றார். நல்ல கேள்வி. அடுத்த சோதனைத் திட்டத்தில் அதைச் சேர்த்தேன்.

இத்தனைக்கும் பிறகு, குழுவுக்கான அறிக்கையை எழுதுங்கள். உங்கள் தாளிலிருந்து கேள்வி மாறிய விதத்தையும், பிறர் உதவி தேவைப்படும் ஒரு சிரமத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை உங்களுக்கு மட்டும். தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள், அடுத்த அரையாண்டில் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது அதைத்தான்.