சீன வீட்டுக்காரரோடு சந்தைக்குப் போவது எப்படி: தெரியாத சாப்பாட்டைப் பழகச் சில படிகள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, இங்கேயே ஒரு தியோச்சியூ சீனரைக் கல்யாணம் செய்துகொண்டு ஏழு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதெல்லாம் கோழிச் சோறு, பரோட்டா, பீட்சா என்று ஆபத்தில்லாத ரகம். சந்தை அப்புறம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சைனாடவுனில் இருக்கும் கிரேத்தா ஆயர் ஈரச்சந்தையில் அவர் பாட்டுக்குக் காய்ந்த காது மாதிரி எதையோ அள்ளிப் பையில் போடுகிறார், கறுப்புச் சேறு பூசிய முட்டை வாங்குகிறார், வலைக்குள் உட்கார்ந்திருக்கும் தவளை என்னையே பார்க்கிறது. அன்றைக்கு நான் தைரியமாக வாங்கியது ஒரு கட்டு கங்கோங் கீரை, அவ்வளவுதான்.

இப்போது என்னைப் போலவே சீனரைக் கல்யாணம் செய்த தோழிகள் இரண்டு பேர் "நீ எப்படிப் பழகினே?" என்று கேட்கிறார்கள். நான் பழகிய வரிசையை, செய்த தப்புகளோடு எழுதுகிறேன்.

படி 1: வேண்டாததை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்

கடைக்காரர் முன்னால் நின்று "இதில் பன்றி இருக்குமா?" என்று கிசுகிசுப்பதற்குப் பதிலாக, கிளம்புவதற்கு முன்பே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். எது மத காரணம், எது ஒவ்வாமை, எது வெறும் அருவருப்பு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் முதல் இரண்டும் மாறப்போவதில்லை, மூன்றாவது மாறலாம். நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன், பார்த்தால் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிற என் மாமியாரும் தொடமாட்டாராம், இங்கே அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். பன்றிதான் ஒளிந்துகொண்டு வரும். நூடுல்ஸிலும் வதக்கிய கீரையிலும்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கீரைமேல் பளபளவென்று ஊற்றியிருப்பது பெரும்பாலும் சிப்பிச் சாறு.

சைவக்காரர்கள் 'ஜாய்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பௌத்த முறைச் சைவம் அது, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் ஜாய்தான் சாப்பிடுவார்கள். நம் அமாவாசை, பௌர்ணமிக்கு ஒட்டித்தான் வரும்.

படி 2: முதல் பயணம் தேக்காவுக்கு

நேராக சைனாடவுன் போகாதீர்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் ஒரு பக்கம் முருங்கைக்காய், அடுத்த வரிசையில் தோஃபு. மிரண்டால் நாலடி நடந்து கறிவேப்பிலைக் கடையில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நாம் சொந்த ஊர்ப் பெயர் மாதிரி சொல்கிற 'தேக்கா' என்பதே ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழிச் சொல்தான், 'மூங்கில் அடி' என்று அர்த்தம். அங்கே தமிழில் விலை சொல்லும் சீனக் கடைக்காரர்களும் உண்டு.

சீக்கிரம் போங்கள், ஒன்பதுக்குமேல் நல்ல மீன் கிடைக்காது. திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். கடைக்காரரை அங்கிள், ஆண்ட்டி என்று கூப்பிட்டால் போதும். மூன்று நான்கு வாரம் ஒரே கடையில் வாங்கிப் பாருங்கள், வெங்காயத் தாளோ இரண்டு மிளகாயோ கொசுறாக வந்து விழும். கொசுறுக்குச் சீனத்தில் என்ன பெயர் என்று கேட்டேன், "சும்மா கொடுக்கிறது" என்றார் அவர். நம் சொல்தான் அழகு.

படி 3: பெயரைக் கேட்காதீர்கள், விலங்கைக் கேளுங்கள்

இது பட்டுத் தெரிந்த பாடம். ஒரு ராத்திரி கஞ்சிக் கடையில் இஞ்சியும் வற்றல் மிளகாயும் போட்டு வதக்கிய கறி ஒன்று வந்தது.

"என்ன இது?"

"தியென் ஜி. வயல் கோழி."

நாட்டுக்கோழி மாதிரி ஏதோ ரகம் போலிருக்கிறது என்று நினைத்து ரசித்துச் சாப்பிட்டேன், எலும்பு மட்டும் ஏன் இவ்வளவு சின்னது என்று ஒரு சந்தேகம். பாதித் தட்டு காலியான பிறகுதான் மனுஷர் வாயைத் திறந்தார். தவளை. அவர் பொய் சொல்லவில்லை, சீனத்தில் அதற்குப் பெயரே அதுதான். ஆனால் அன்றைக்கு வீடு வரை நான் பேசவில்லை.

எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். 'மரமேறும் எறும்பு' என்ற பதார்த்தத்தில் எறும்பே கிடையாது, கண்ணாடி நூடுல்ஸில் கொத்துக்கறி ஒட்டியிருக்கும். 'பீனிக்ஸ் நகம்' என்பது கோழிக்கால். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி: எது என்றாலும் முதலில் விலங்கு அல்லது செடி, அப்புறம் எந்தப் பாகம், கடைசியில்தான் பெயர்.

படி 4: தெரிந்த காயை அவர்கள் கையால் சாப்பிடுங்கள்

நீர்ப்பூசணி, பீர்க்கங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் சீனக் காய்கறிக் கடையிலும் உட்கார்ந்திருக்கும். பாகற்காய் வெளிறிப் பருத்து வழவழப்பாக இருக்கும், கசப்பு நம்முடையதைவிடக் கம்மி. தாமரைக்கிழங்கை நாம் வற்றலாகப் பார்த்திருப்போம், இங்கே முழுசாகச் சேறோடு விற்கிறார்கள். வேர்க்கடலை போட்டு ஒரு மணி நேரத்துக்குமேல் கொதிக்கவிட்டு சூப் வைப்பார்கள் (பன்றி எலும்பு போடுவதுதான் வழக்கம், நான் கோழி போடுவேன்). நறுக்கும்போது துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சிலந்தி நூல் மாதிரி இழை ஓடும். பிரிந்த பிறகும் மனசு பிரியாத காதலர்களை 'கிழங்கு ஒடிந்தாலும் இழை அறவில்லை' என்று சொல்வார்களாம்.

தோஃபுக் கடையில் ஒரே ஒரு எச்சரிக்கை: பனீர் என்று நினைத்து வாங்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். கெட்டியான தாவ் குவாவைத் துணியில் சுற்றி அழுத்தித் தண்ணீர் எடுத்துவிட்டுப் பொரியுங்கள். பொரித்துப் பொங்கிய தாவ் போக் என்றால் அப்படியே மீன் குழம்பில் போடலாம், பஞ்சு மாதிரி குழம்பை உறிஞ்சிக்கொண்டு கடிக்கும்போது விடும். எங்கள் வீட்டில் மீனைவிட இதற்குத்தான் சண்டை.

படி 5: நாக்கை விட்டுவிட்டுப் பல்லைக் கவனியுங்கள்

எனக்குச் சீனச் சாப்பாடு பிடிபட்டது இந்த இடத்தில்தான். கடல் அட்டையை வாயில் போட்டுக்கொண்டு "இதில் என்ன ருசி இருக்கிறது?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை" என்றார் சாதாரணமாக. ருசி குழம்பிலிருந்து வருகிறது, அட்டை பல்லுக்காக. அதற்கு 'கோவ் கான்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், வாய்க்குக் கிடைக்கும் உணர்வு. ஜெல்லிமீன், மரக்காளான், மீன் வயிற்றுப்பை எல்லாமே இந்தக் கணக்கில்தான் விலை போகிறது. ருசியைத் தேடிக்கொண்டிருந்தால் நாள் முழுக்க மென்றாலும் கிடைக்காது.

நமக்கு இது புதிது என்று சொல்லமுடியாது. நுங்குக்கு என்ன பெரிய ருசி? இளநீர் வழுக்கைக்கு? வழவழ, கொழகொழ, மொறுமொறு, நறுக்நறுக் என்று நம்மிடம் சொல் கொட்டிக்கிடக்கிறது. அதனால் புதிதாக ஒன்றைக் கடித்தவுடன் 'நல்லா இருக்கா' என்று கேட்டுக்கொள்ளாமல் இந்தச் சொற்களில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். எனக்குப் பாதி அருவருப்பு இதிலேயே போய்விட்டது.

பழக மரக்காளான்தான் நல்லது. அந்தக் காய்ந்த காது அதுதான், விலையும் கம்மி. ஒரு கைப்பிடியை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டால் பல மடங்கு ஊதிவிடும், முதல் தடவை நான் பாதிப் பொட்டலத்தைப் போட்டு, மூன்று நாள் அதையே தின்றோம். அடிக் கட்டியை நறுக்கி எறிந்துவிட்டு, மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, சோயா சாறு, கறுப்பு வினிகர், நசுக்கிய பூண்டு, பச்சைமிளகாய், நாலு சொட்டு எள்ளெண்ணெய். நறுக்நறுக் என்று ஓடிவிடும். ஆனால் ராத்திரி முழுக்க வெளியே ஊறவைக்காதீர்கள். அப்படி ரொம்ப நேரம் ஊறியதில் கிருமி வளர்ந்து, கொதிக்கவைத்தாலும் போகாத நச்சு உண்டாகி, சீனாவில் ஆட்கள் செத்தே போயிருக்கிறார்கள்.

படி 6: முட்டைக் கடை

இங்கே நான் இரண்டு தடவை விழுந்தேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கறுப்புப் பூச்சோடு இருப்பது பெரும்பாலும் உப்பு முட்டை. உமி ஒட்டியிருப்பது பிடான், நூற்றாண்டு முட்டை என்கிறோமே அது. இப்போது இரண்டையும் கழுவிச் சுத்தமாகவும் விற்பதால் கேட்டே வாங்குங்கள். பிடானை உரித்து அப்படியே சாப்பிடலாம். உப்பு முட்டை பச்சையாகத்தான் வரும், கழுவிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைக்கவேண்டும். இது தெரியாமல் மாமியார் எதிரிலேயே சாப்பாட்டு மேசையில் ஒன்றைத் தட்டி உடைத்தேன். மேசைவிரிப்பைத் துவைத்தது அவர்தான், சிரித்துக்கொண்டே.

பிடானுக்கு நூறு வருடமெல்லாம் இல்லை, சில வாரத்திலிருந்து சில மாதம்தான். சுண்ணாம்பு, உப்பு, சாம்பல், களிமண் குழைத்து வாத்து முட்டைமேல் பூசிவைத்தால், சுண்ணாம்பின் காரத்தன்மை ஓட்டுக்குள் இறங்கி வெள்ளைக்கருவைக் கடுங்காப்பி நிறக் கூழாகவும் மஞ்சள்கருவைச் சாம்பல் பச்சைக் களிம்பாகவும் மாற்றிவிடும். வெற்றிலை போட்டு வாய் வெந்தவர்களுக்குச் சுண்ணாம்பின் வேகம் தெரியும். அம்மோனியா வாடை அடிப்பதால் தாய்லாந்தில் 'குதிரை மூத்திர முட்டை' என்றே பெயர், குதிரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நல்ல பிடான் என்றால் கூழின்மேல் பனி உறைந்த மாதிரி வெள்ளைக் கோலம் இருக்கும், 'பைன் பூ' என்பார்கள். பழைய முறையில் ஈயம் சேர்த்தது உண்டு, அதனால் பெட்டியில் ஈயம் இல்லாதது என்று போட்டிருக்கிறதா என்று அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் செய்த தப்பு, அவித்த முட்டை மாதிரி பாதியை ஒரே வாயில் போட்டது. வாடை மூக்கு வழியாக வெளியே வந்தது, அடுத்த ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. நீங்கள் இப்படிச் செய்யுங்கள். உரித்துக் கழுவி, நறுக்கி, கால் மணி நேரம் திறந்து வையுங்கள், வாடை பாதி போய்விடும். கத்தியில் ஒட்டும், நூலால் அறுத்தால் சுத்தமாக வரும். அரை டம்ளர் அரிசிக்கு ஐந்து டம்ளர் தண்ணீர் வைத்துக் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சி, ஒரு பிடானைச் சுண்டல் கடலை அளவுக்குப் பொடித்துப் போட்டு, ஊசியாக நறுக்கிய இஞ்சி, வெங்காயத் தாள், வெள்ளை மிளகுத்தூள். இரண்டு பேருக்கு ஒரு முட்டை தாராளம். கஞ்சிக்குள் அது மஞ்சள்கருவின் கொழுப்பாக மட்டும்தான் தெரியும். இஞ்சி ஊறுகாயோடு கால் துண்டு தனியாகச் சாப்பிட எனக்கு இரண்டு வருடம் ஆனது. முழுசு இன்னும் முடியவில்லை, முடியவேண்டும் என்றும் இல்லை.

படி 7: மாடிக்குப் போய் மாலா

கிரேத்தா ஆயர் சந்தை கீழே, உணவங்காடி மேலே. வாங்கிய களைப்புக்கு மாலா (காரமும் மரமரப்புமாக வதக்கித் தருகிற சீனச் சாப்பாடு) கடைக்குப் போங்கள், தெரியாததைச் சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. கிண்ணத்தில் நாமே பொறுக்கிப் போடலாம், எடை போட்டுக் காசு. தாமரைக்கிழங்கு இரண்டு வில்லை, தோஃபுத் தோல் ஒன்று, பெயர் தெரியாத காளான் ஒன்று என்று ஒவ்வொன்றாக எடுங்கள், பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு வாய். பன்றி தொடாதவர்கள் கவனிக்கவும், எல்லாருக்கும் ஒரே வாணலிதான்.

காரம் கேட்பார்கள். "நாங்க ஆந்திரா ஊறுகாயே தின்போம்" என்று வீறாப்பாகப் பெரிய காரம் சொல்லாதீர்கள், சியாவ் லா, சின்னக் காரம், போதும். 'லா'தான் மிளகாய், அது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'மா' என்பது மரத்துப்போவது, சிச்சுவான் மிளகின் வேலை. அது மிளகே இல்லை, எலுமிச்சை குடும்பம். நாக்கும் உதடும் கிடுகிடுவென்று ஆடுகிற மாதிரி இருக்கும், 2013-இல் லண்டனில் அந்த நடுக்கத்தை அளந்து நொடிக்குச் சுமார் 50 அதிர்வு என்று கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடித்தால் தீராது. பார்லித் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், அது 'குளிர்ச்சி' என்று அவரும் சொல்வார், உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார். டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி என்று இவர்கள் போடும் கணக்கு நமக்கு விளக்காமலே புரியும்.

படி 8: கிண்ணத்தைக் காலி செய்யாதீர்கள்

மாமியார் வீட்டில் கிண்ணம் காலியானால் உடனே ஏதாவது வந்து விழும், பாசம்தான். போதும் என்றால் கொஞ்சம் மிச்சம் வைத்து "ச்சி பாவ் லா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுங்கள், வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று முறை மென்றும் பிடிக்காவிட்டால் அவர் கிண்ணத்துக்கு நகர்த்துவது என்று நாங்கள் முன்பே பேசிவைத்திருக்கிறோம்.

அவருக்கும் இதே சலுகை உண்டு. அவருடைய பிடான் என் தயிர்சாதம்: "கெட்டுப்போன பாலை ஏன் சோற்றில் ஊற்றுகிறாய்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். மூன்று முறை மென்றார், கிண்ணம் என் பக்கம் வந்தது. மாவடு மட்டும் ஒட்டிக்கொண்டது, அதைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டே ஜாடியைக் காலி செய்துவிட்டார். மாவடு இல்லாத ஒரு நாள் நான் அவருடைய தாவ் ஜூவை எடுத்தேன். தோஃபுவை உப்பில் புளிக்கவைத்த சின்னச் சின்னக் கட்டி, பாலாடைக்கட்டி மாதிரி குழைந்திருக்கும். பழையசோற்றுக்கு அப்படிப் பொருந்தியது. வாங்கும்போது வெள்ளையைக் கேளுங்கள், சிவப்பு சமையலுக்கு. ஒரு வாய்க்கு மிளகளவு போதும், உப்பு அதிகம். ஜாடிக்குள் ஈரக் கரண்டி மட்டும் போகக்கூடாது, ஊறுகாய்க்கு என்ன விதியோ அதேதான்.