வெள்ளிக் காசில் வானவில்: தானாக வந்ததா, ஏற்றியதா?

பழைய வெள்ளிக் காசு கறுத்திருந்தால் உடனே பற்பசையை எடுக்கிற ஆள் என்றால், கொஞ்சம் பொறுங்கள். அந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. இதை டோனிங் என்பார்கள். அந்த நிறத்தைச் செயற்கையாக ஏற்றிய காசுகளும் உண்டு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று பார்ப்போம்.

காற்றிலும் அட்டையிலும் துணியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து, சில்வர் சல்பைடு என்ற மெல்லிய படலமாகப் படிகிறது. அதில் சாயம் எதுவும் கிடையாது. படலத்தின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலப்பதால்தான் நிறம் தெரிகிறது. தேங்கிய தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் மாதிரி. படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில் மாறும்: வெளிர் மஞ்சள், பொன், செம்பழுப்பு, மெஜந்தா, நீலம். அப்புறம் வெளிர் நீலம் வந்து, மறுபடி மஞ்சள், மெஜந்தா, பச்சை. கடைசியில் கறுப்பு. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மெத்தென்ற துணியை விரித்து, அதன் மேல் காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். ஒரே ஒரு மேசை விளக்கு போதும். டியூப் லைட்டில் எல்லாக் காசும் சோகையாகத்தான் தெரியும்.

படி 2: மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். புழங்காத காசில் ஒளி, சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழலும். நிறத்துக்கு அடியிலும் அந்தச் சுழற்சி தெரிய வேண்டும். அது செத்துப்போய் மெல்லிய கீறல்கள் தெரிந்தால், யாரோ தேய்த்துக் கழுவிய காசு அது.

படி 3: பத்து மடங்கு லென்ஸில் வரிசையைப் படியுங்கள். இதுதான் முக்கியம். அமெரிக்காவில் 1878 முதல் அச்சான மார்கன் டாலர் என்ற வெள்ளிக் காசுகள் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பைத்துணியை ஒட்டிக் கிடந்த காசு நிறமேறியது. அதன் மேல் இன்னொரு காசு மறைத்திருந்த இடம் வெள்ளையாகவே நின்றது. அந்தப் பிறை வடிவ எல்லையிலிருந்து நகர்ந்தால் மஞ்சள், மெஜந்தா, நீலம் என்று ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். சிலவற்றில் துணியின் நெசவுகூடப் பதிந்திருக்கும்!

நான் முதலில் வாங்கிய "வானவில்" காசில் மஞ்சளே இல்லை. வெள்ளைக்குப் பக்கத்திலேயே அடர்நீலம், எழுத்துகளின் மேலும் கீழும் மை கொட்டியது போல. வரிசை தெரிந்திருந்தால் அன்றைக்குப் பணம் மிஞ்சியிருக்கும்.

படி 4: எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். இயற்கையாக வந்த நிறம் பல நேரம் எழுத்தை நெருங்கும்போது மாறும் அல்லது மெலியும். கந்தக மருந்தில் முக்கியதோ சூட்டில் வாட்டியதோ மேடு பள்ளம் பார்க்காமல் வழியும். இது மட்டுமே சாட்சி ஆகாது. மூன்றாம் படியோடு சேர்த்துப் பாருங்கள். விலை உயர்ந்த காசு என்றால் தரச்சான்றுக்கு அனுப்புங்கள். காசுகளுக்குத் தரம் போடும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் இரண்டுமே நிறம் செயற்கை என்று பட்டால் வழக்கமான தர எண் தருவதில்லை.

படி 5: நிறத்தைத் தொடாதீர்கள். தயோயூரியா கலந்த திரவத்தில் முக்கினால் நிறம் நொடியில் போகும், கூடவே வெள்ளியும் கொஞ்சம் போகும். பிவிசி உறையால் பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவிடுங்கள். தேய்க்க வேண்டாம், பக்கத்தில் நெருப்பும் வேண்டாம். சல்பைடு படலம் அசிட்டோனில் கரையாது. பிறகு காசு வைப்பதற்கென்றே உள்ள காற்றுப் புகாத கேப்ஸ்யூலில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது, அதிலும் கந்தகம் இருக்கிறது.