பள்ளிப் பிள்ளைகளின் உடற்பருமன்: நாடுகளை ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பாடசாலைச் சுகாதாரத் தரவுகளோடு பல காலமாக வேலை செய்கிறேன். கட்டிளமைப் பருவத்தினரின் உடற்பருமன் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வரும் இளையவர்கள் வருடா வருடம் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். உயரத்தை மீற்றருக்கு மாற்றாமல் கணக்குப் போடுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். விடையைப் பார்த்ததும் அவை தெரிந்துவிடும். மற்றவை அப்படிக் கண்ணில் படுவதில்லை.

அளவுகோலைப் பார்க்காமல் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

வளர்ந்த ஒருவரின் உடற்திணிவுச் சுட்டி (கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 25ஐத் தொட்டால் அதிநிறை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று அளவுகோல்கள் அதிகம் புழங்குகின்றன: உலக சுகாதார நிறுவனம் 2007இல் தந்தது, சர்வதேச உடற்பருமன் செயலணியின் பெயரில் 2000இல் வந்தது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தினது. மூன்றும் அதிநிறைக்கான எல்லையை வெவ்வேறு இடத்தில் போடுகின்றன.

13 வயது முடிந்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 48 கிலோ. சுட்டி 21.3. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அவன் வயதுக்கு எல்லை 20.8, ஆகவே அவன் அதிநிறை. செயலணியின் எல்லை 21.9, அங்கே அவன் சாதாரண நிறை. பையன் அதே பையன்தான். ஒரு நாட்டின் சதவீதத்தை முதல் அட்டவணையிலும் இன்னொரு நாட்டினதை இரண்டாவதிலும் எடுத்தால், பிள்ளைகள் ஒரு கிலோவும் கூடாமலே முதல் நாடு பருத்துத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழு இதையே செய்தது. பழைய கணக்கெடுப்பு செயலணியின் அளவுகோலில், புதியது உலக சுகாதார நிறுவனத்தினதில். "எங்கள் பிள்ளைகளின் பருமன் மளமளவென்று ஏறிவிட்டது" என்று எழுதி, ஒரு பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தும் விட்டார்கள். அடுத்த வாரம் உப்புவெளியிலிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குக் கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, அவ்வளவுதான். "மிஸ், இரவுச் சாப்பாட்டை நிப்பாட்டிட்டன். புட்டும் குடுக்கிறேல்ல. காணுமோ?" என்று கேட்டார். நிறுத்து அளந்து பார்த்தேன். மூன்று அட்டவணையிலும் அவள் சாதாரண நிறைதான். வளருகிற வயதில், ஒரு பிழையான அட்டவணையால் இரவில் பட்டினி கிடந்திருக்கிறாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே உயரம், நிறை, வயது, பால் நான்கும் உள்ள மூலத் தரவைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் திரும்பக் கணக்கிடுங்கள். மூலத் தரவு கிடைக்காவிட்டால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள்.

அளந்ததா, கேட்டு எழுதியதா

ஐரோப்பாவிலும் கனடாவிலும் 11, 13, 15 வயது மாணவர்களிடம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஆய்வில், நிறையையும் உயரத்தையும் பிள்ளைகளே எழுதித் தருகிறார்கள். கேட்டு எழுதினால் நிறை பெரும்பாலும் குறைந்துதான் வரும். தராசில் ஏற்றி எடுத்த எண்ணோடு அதைச் சேர்க்காதீர்கள்.

பணக்கார நாட்டு வியாதி என்று நினைப்பது

உலகில் 5 முதல் 19 வயதுக்குள் உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் 2 சதவீதம், 2022இல் 8 சதவீதம். வருமானம் கூடிய நாடுகள் பலவற்றில் 2000க்குப் பிறகு ஏற்றம் தேங்கியது. தேங்கியது உயர்ந்த மட்டத்தில்தான், இறங்கவில்லை. ஆசியாவின் பல பகுதிகளில் அதே காலத்தில் வேகம் கூடியது. மிக உயர்ந்த வீதங்கள் நியுவே, குக் தீவுகள் போன்ற பசிபிக் தீவுகளில். ஜப்பான் வசதியான நாடு, அங்கே வீதம் குறைவு.

எங்கள் ஊரிலும் ரியூசன் முடிந்து கொத்துரொட்டிக் கடை வாசலில் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கிறோம். அதே வகுப்பில் காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிற பிள்ளையும் இருக்கிறது. சராசரி போட்டால் இருவரும் மறைந்துபோவார்கள். மெலிவையும் அதிநிறையையும் தனித்தனி நிரல்களில் காட்டுங்கள்.

2இலிருந்து 8 ஆனதை "6 சதவீதம் கூடியது" என்பது

அது நான்கு மடங்காகியிருக்கிறது. கழித்துச் சொல்வதானால் 6 சதவீதப் புள்ளி கூடியது.

பிள்ளையின் சுட்டியை வகுப்பில் உரக்க வாசிப்பது

கூடவே கூடாது.

கோட்டைத் தன்பாட்டில் நீட்டுவது

இலங்கையில் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் உலகப் பாடசாலை மாணவர் சுகாதார ஆய்வு 2016இல் நடந்தது. அதுவரையான போக்கை அப்படியே 2030 வரை நீட்டி வரைகிறார்கள். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பால்மாவும் முட்டையும் பல வீடுகளில் எட்டாத விலைக்குப் போயின. அந்த வருடங்களில் பிள்ளைகளின் நிறை எந்தப் பக்கம் போனது என்பதைப் பழைய கோடு சொல்லாது. அளந்த எண் கையில் இருந்தால் புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கோட்டை 2016இலேயே நிறுத்துங்கள்.